கடலடிக் கண்ணாடி

இது நடந்தது. யாரோ பஸ்ஸில் சொல்லக் கேட்டதில்லை. என் அக்காவுக்கு நடந்தது. பாதியை அவள் வாயால் கேட்டேன், மீதியை என் கண்ணால் பார்த்தேன். பேய் என்றால் அமாவாசை வேண்டும், பாழடைந்த வீடு வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது பட்டப்பகலில், ஏசி அறையில், மூன்று பேர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் நடந்தது. இருட்டு மட்டும் இருந்தது. அது அவர்களுக்கு ஆயிரத்தெண்ணூறு மீட்டர் கீழே இருந்தது. அங்கே பகல் என்று ஒன்று வந்ததே இல்லை.

அக்காவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: "அவளுக்கு அருவருப்பே கிடையாது." குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அக்கா. பீரோவுக்குப் பின்னால் எலி செத்து நாறினால் அக்கா. பக்கத்து வீட்டு நாய்க்குக் காதில் புழு வைத்தால்கூட அவர்கள் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். அப்பா படுத்த படுக்கையாகி, முதுகில் புண் வந்து, புண் குழியாகிப்போன அந்தக் கடைசி வருஷத்தில் அம்மா அறை வாசலோடு நின்றுகொள்வாள். நான் அதற்கும் இந்தப் பக்கம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, "சுத்தமா இருக்கார்" என்பாள். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

வலது கையால்தான் துடைப்பாள். அந்தக் கையில் மோதிர விரலுக்கு நுனிக் கணு கிடையாது. முதன்முதலில் வேலைக்குப் போன பட்டறையில் எந்திரம் தின்றுவிட்டது. கண்ணைக் கட்டிவிட்டு நூறு கையைத் தொடச் சொன்னாலும் அக்கா கை எதுவென்று சொல்லிவிடுவேன்.

"நீ இல்லன்னா இந்த வீடே நாறிப்போயிருக்கும்" என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். அக்கா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருந்தது என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள். அப்பாவைத் துடைத்துவிட்டு வந்ததும் குளியலறையில் நின்று கையை முகர்ந்துகொண்டே இருப்பாளாம். சோப்பு. முகர்தல். மறுபடி சோப்பு. தோல் ஊறி வெளுக்கும்வரை. அருவருப்பு இல்லாமல் இல்லை, எங்கள் எல்லோரையும்விட அவளுக்கு அதிகமாகவே இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் அப்பா முகம் எப்படி மாறும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டாள். "விழுங்கினா போயிடும்னு நெனச்சேன். அது எங்கேயும் போகல. உள்ளேயே ஒரு மூலை பாத்து உக்காந்துடுச்சு" என்றாள்.

அதனால்தான் அந்தக் கப்பல் வேலை அவளுக்கு அவ்வளவு பிடித்தது.

ஆழ்கடலின் தரையில் கண்காணிப்பு நிலையம் அமைக்கும் கப்பல் அது. நிலையம் என்றால் கட்டடம் இல்லை. மின்சாரம் தரும் ஒரு பெரிய பெட்டி, நீருக்கடியில் ஒலி கேட்கும் ஒரு மைக், விளக்கோடு ஒரு கேமரா. கரையிலிருந்து கடலடியாகவே வரும் கேபிளில் இவற்றைச் சொருகிவிட்டால், அங்கே நடப்பதையெல்லாம் கரையிலிருந்தே பார்க்கலாம், கேட்கலாம். மனுஷர் அந்த ஆழத்துக்குப் போனால் நசுங்கிவிடுவார்கள். அதனால் ஜீப் அளவில் ஆளில்லாத ஒரு எந்திர வண்டியைக் கேபிளில் கட்டி இறக்குவார்கள். மேலே, கப்பல் தளத்தில், ஜன்னலில்லாத ஒரு கன்டெய்னர் அறை. அதில் திரைகள், இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வண்டியை ஓட்டுபவர். இன்னொன்றில் வண்டியின் இரும்புக் கையை இயக்குபவர். நாற்காலியின் வலப்பக்கம் முழங்கை நீளத்தில் ஒரு சின்ன உலோகக் கை இருக்கும். அதைப் பிடித்து நாம் எப்படி அசைக்கிறோமோ, கீழே பெரிய கை அப்படியே அசையும்.

அக்காவுக்கு இது வரமாகத் தெரிந்தது. எவ்வளவு அசிங்கமானதையும் தொடலாம். தன் கை காய்ந்தே இருக்கும்.

ஆனால் நாற்காலி இன்னும் அவளுக்குச் சொந்தமாகவில்லை. இந்தப் பயணத்தில் மூன்று பிளக்கையும் அவள் சரியாகச் சொருகினால் நிரந்தரம். தவறினால் கரையில் பழைய வேலை: மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு மேலே வரும் கருவிகளில் அப்பியிருக்கும் பாசியை, புழுவை, செத்த சிப்பியைச் சுரண்டிக் கழுவும் வேலை. அங்கேயும் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். இவளுக்குத்தான் அருவருப்பே கிடையாதே.

வண்டி ஓட்டுநர் பெருத்த உடம்பு, பெரிய மீசை. "சேர் உன் பேருக்கு எழுதுற வரைக்கும் நீ குடித்தனக்காரிதான் தங்கச்சி. ஆணி கீணி அடிச்சிடாதே" என்று கேலி செய்வார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் கேலி கிடையாது. கையைப் பிடித்திருப்பவர் எழுந்திருப்பதற்கு முன் சத்தமாக "கை விடுறேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்திலிருப்பவர் "கை வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் விரலை எடுக்கலாம். முன்பொரு தடவை யாரோ சொல்லாமல் எழுந்துபோக, அவர் துண்டு சின்னக் கையில் மாட்டி இழுபட, கீழே பெரிய கை வண்டியின் விளக்கையே அடித்து உடைத்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த அறையில் இது சட்டம்.

"பேதியே ஆனாலும் சொல்லிட்டுதான் போகணும்" என்பார் ஓட்டுநர்.

அறையில் மூன்றாவது ஆள், மீன் டாக்டர். கப்பலில் அந்த ஆராய்ச்சியாளர் அம்மாவுக்கு அதுதான் பெயர். ஒல்லியானவர், நரைத்த கிராப்பு. நிலையத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். கீழே ஒரு திமிங்கிலத்தின் பிணம் கிடந்தது. அதை யார் யார் வந்து தின்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் பார்ப்பதுதான் திட்டம்.

அன்று காலையே வண்டியை இறக்கிவிட்டார்கள். மாலைக்குள் அலை பெரிதாகும் என்று கப்பல் தலைவர் எச்சரித்திருந்தார். மதியம் அறைக்கே நூடுல்ஸ் வந்தது. சாப்பிட்டு முடித்து டப்பாவை ஓரமாக வைத்தபோது, திரையில் இருட்டு மெல்ல வெளுத்துத் தரை தெரிந்தது. சாம்பல் நிறச் சேறு. அதில் ரோஸ் நிறத்தில் கொழுக்மொழுக்கென்று எதெதுவோ ஊர்ந்தன. வெட்டியெடுத்த வயிற்றுக்குக் கால் முளைத்த மாதிரி.

"கடல் பன்றிங்க! எல்லாம் ஒரே திசையைப் பாத்து நிக்குது பாருங்க. வாசனை அங்கிருந்து வருது" என்று மீன் டாக்டர் கைதட்டினார்.

பிறகு திமிங்கிலம் வந்தது. பாதி எலும்பு, பாதி சதை. சதை வெள்ளை வெள்ளையாகத் திரிந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. எலும்பில் சிவப்பு மயிர் முளைத்தது போலப் புழுக்கள். விலாவில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் என்னவோ நெளிந்தது. ஒன்றல்ல. ஒரு கொத்து.

"சளி விலாங்கு" என்றார் மீன் டாக்டர், பேத்தியை அறிமுகப்படுத்துவது போல. "விலாங்கே இல்ல, சும்மா கூப்பிடுறது. தாடை கிடையாது. கண்ணும் கிட்டத்தட்ட கிடையாது. செத்ததோட உடம்புக்குள்ள பூந்து உள்ளேர்ந்து வெளிய தின்னும். வாயால மட்டும் இல்லம்மா, தோலாலயும் சாப்பாட்டை உறிஞ்சும்! தொட்டா ஒரு சளி விடும் பாருங்க, ஒரு ஸ்பூன் போதும், ஒரு வாளித் தண்ணி கஞ்சியாயிடும்."

"டாக்டர், நான் இப்பதான் நூடுல்ஸ் தின்னேன்" என்றார் ஓட்டுநர்.

"அதே நீளம்தான் இருக்கும், ஆனா இது கொஞ்சம் தடிமன்."

"இனிமே ஜென்மத்துக்கும் நூடுல்ஸ் வேணாம்."

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தக் குழியைப் பார்த்தாள். ஓரம் கறுத்து, நடுவில் ஈரமாக... அவளுக்கு அந்த வடிவம் தெரியும். ஒரு வருஷம் தினமும் பார்த்த வடிவம். திரைக்கு வாசனை கிடையாது. இருந்தும் அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

முதல் பிளக் மின்சாரத்துக்கு. பெட்டியின் பச்சை விளக்கு எரிந்தது. சிரமமே இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் அவள் மனதில் தங்கியது. கீழே இருந்த கை, அவள் அசைப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே அசைந்த மாதிரி இருந்தது. இங்கே நினைத்தாள், அதற்குள் கை அங்கே போய்விட்டது.

"அண்ணா, கை கொஞ்சம் முந்துதா?"

"பிந்தும்னு கேள்விப்பட்டிருக்கேன். முந்துறதாவது? உனக்குத் தூக்கம்."

இரண்டாவது பிளக் மைக்குக்கு. சொருகியதும் அறை ஸ்பீக்கரில் கடலடி கேட்டது. முதலில் வெறும் இரைச்சல். பிறகு அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் பிரிந்து வந்தது. சப்... சப்... ஈரமான எதையோ ஈரமான எதுவோ சுரண்டித் தின்னும் சத்தம். மீன் டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். ஓட்டுநர் ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைத்தார்.

அக்காவின் விரல் நுனிகள் சில்லென்றிருந்தன. ஏசியாக இருக்கும். கையைச் சட்டென்று எடுத்துப் பேன்ட்டில் தேய்த்துக்கொண்டாள்.

சர்... சர்...

சத்தம் அவள் தொடையிலிருந்து வரவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

மறுபடி தேய்த்துப் பார்த்தாள். இரண்டு தடவை. ஸ்பீக்கரில் இரண்டு தடவை. துணியில் உள்ளங்கை உரசும் சத்தம், தெளிவாக. மற்ற இருவரும் நிமிரவில்லை. ஒரு எந்திரத்தின் கோளாறுக்கு இதற்குமேல் யோசிக்கக் கூடாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு பிளக். அதற்குப் பிறகு நாற்காலி அவளுடையது.

மூன்றாவது, கேமராவுக்கு.

பெட்டியில் அதற்கான துளையைத் திரையில் பெரிதாக்கினார்கள். துளை தெரியவில்லை. பழுப்பாக ஒரு கொழகொழப்பு மூடியிருந்தது. இரும்புக் கை பிரஷ்ஷை எடுத்துத் துடைத்தது. கொழகொழப்பு போகவில்லை, நீண்டது. கண்ணாடி மாதிரி, நூல் நூலாக, பிரஷ்ஷோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது.

துளைக்குள் ஒன்று இருந்தது.

"அய்யோ, செல்லம், உள்ள போய் உக்காந்திருக்கு" என்றார் மீன் டாக்டர். "மெதுவா இழும்மா. நசுக்கிடாதே."

வால் மட்டும் வெளியே தெரிந்தது. தோலுரித்த விரல் மாதிரி. இரும்புக் கையின் மூன்று விரல்களும் அதைப் பிடித்தன. இழுத்தாள். அது வரவில்லை. தன் உடம்பிலேயே ஒரு முடிச்சுப் போட்டது. அந்த முடிச்சு வாலிலிருந்து தலையை நோக்கி மெல்ல நகர்ந்தது, தன்னைத்தானே பிழிந்துகொண்டு. பிழியப் பிழியச் சளி பொங்கியது. திரையே மங்கியது.

அக்காவுக்குப் புரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை...

உணர்ந்தாள்.

பிடித்திருந்த சின்ன உலோகக் கை காய்ந்திருந்தது. ஆனால் அவள் உள்ளங்கைக்குள் ஒன்று நெளிந்தது. குளிர்ந்து. வழுவழுத்து. அரை விரலின் மொட்டை நுனியில் ஒரு வாய் வந்து ஒட்டி, மெல்லச் சப்பியது.

விட்டுவிட்டு எழுந்தால் போதும். எழுந்தால் கரையில் பழைய கழுவும் வேலை.

பல்லைக் கடித்து இழுத்தாள். அது துளையிலிருந்து வழுக்கி வெளியே வந்து, வண்டியின் கேமராப் பக்கம் திரும்பியது. முகம் என்று சொல்ல ஒரு ஓட்டை. அதைச் சுற்றி மீசை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளுத்த புள்ளிகள். பிறகு சேற்றில் விழுந்து போனது. அக்கா பிளக்கைத் துளையில் வைத்து அழுத்தினாள். உள்ளே போய் உட்கார்ந்தது.

கடலடிக் கேமரா கண்ணைத் திறந்தது. பக்கத்துத் திரையில் முதல் படம். வெறும் மங்கல். கண்ணாடி முழுக்கச் சளி.

"பிரமாதம்மா! அப்படியே அந்தக் கண்ணாடியையும் துடைச்சு விட்டுடு. உன்ன விட்டா யாரு இதைச் செய்வா" என்றார் மீன் டாக்டர்.

உன்னை விட்டால் யார் செய்வார். வீட்டில் கேட்ட அதே குரல், அதே அன்பு. அக்கா பிரஷ்ஷைக் கண்ணாடிக்குக் கொண்டுபோனாள். வட்டமாக ஒரு தடவை. இரண்டாவது தடவை அவளால் முடியவில்லை. நூடுல்ஸ் தொண்டைக்கு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள்.

சொல்லாமல்.

கன்டெய்னரை ஒட்டிய கழிப்பறை. எஃகுத் தொட்டி. எல்லாம் வெளியே வந்தது. நிமிர்ந்தாள். கண்ணாடியில் மூக்கும் கண்ணும் சிவந்த ஒரு முகம். இடது கை குழாயைத் தேடியது.

வலது கை தேடவில்லை.

தொட்டியின் விளிம்பில் வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தது.

நிதானமாக. ஒரு வட்டம். இன்னொரு வட்டம்.

சர்... சர்...

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடிக்குள்ளேயே அசைந்தது.

குழாயை அவள் இன்னும் திறக்கவில்லை.

கை நனைந்திருந்தது.

விரலிடுக்கிலிருந்து கண்ணாடி மாதிரி நூல்கள் தொங்கின. சொட்டவில்லை... நீண்டன.

முகர்ந்தாள்.

கடல் வாடை இல்லை.

அப்பாவின் முதுகு.

*

அவள் திரும்பி அறைக்கு வந்தபோது வண்டி மேலேறிக்கொண்டிருந்தது.

"கை யாரு வாங்கினது?" என்று கேட்டாள்.

"யாரு வாங்கினது? நீதான் சொல்லாம கொள்ளாம ஓடிட்டியே. நான் பட்டனைத் தட்டி மடக்கிட்டேன்" என்றார் ஓட்டுநர். "விடு தங்கச்சி. வாந்திக்கெல்லாம் சட்டம் பேச முடியுமா? சேர் உன்னுது. இனிமே ஆணி அடிச்சுக்கோ."

"கண்ணாடி?"

"துடைச்சிட்டுதானே போன. பளபளன்னு இருக்கு."

அக்கா திரையைப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சளி இல்லை. திமிங்கிலத்தின் ஒவ்வொரு விலாவும் துலக்கமாகத் தெரிந்தது.

வண்டி தளத்துக்கு வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரும்புக் கையிலிருந்து சளி முழ நீளத்துக்குத் தொங்கியது. அதைக் கழுவவும் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள்.

இதுவரைக்கும் அவள் சொன்னது. இனி நான் பார்த்தது.

பயணம் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்தாள். நாங்கள் இருவரும் ஒரே அறையில்தான் படுப்போம். முதல் நாள் காலையிலேயே கவனித்தேன். அவள் வலது கை, வெகுநேரம் தண்ணீரில் ஊறிய கை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது. தலையணையின் அந்தப் பக்கம் மட்டும் ஈரம்.

"ராத்திரியெல்லாம் துணி துவைச்சியாடி?" என்றாள் அம்மா.

அக்கா தலையணையைத் திருப்பிப் போட்டாள். அன்று முழுக்க அவள் ஒரு விசித்திரம் செய்தாள். பேசிக்கொண்டே இருப்பாள், திடீரென்று கடிகாரத்தைப் பார்த்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொள்வாள். இரண்டு மூன்று நிமிஷம். பிறகு எடுத்துத் துண்டில் துடைப்பாள். ஒவ்வொரு மணிக்கும் இது நடந்தது. சரியாக மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது.

இரவில் விழித்துக்கொண்டேன். சத்தம்தான் எழுப்பியது.

சர்... சர்...

அக்கா மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நல்ல தூக்கம். வலது கை மட்டும் கட்டிலை ஒட்டிய சுவரில் உள்ளங்கையை வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சுவரில் ஈரம் தெருவிளக்கில் மின்னியது. நான் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டேன். கை நின்றது. எங்கோ ஒரு கடிகாரம் இரண்டு அடித்தது.

காலையில் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னாள். வண்டி, குழி, மூன்றாவது பிளக், சொல்லாமல் எழுந்தது.

"கேமரா ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம் எடுக்கும். அதுக்கு முன்னாடி..." என்றாள். சுவரில் காய்ந்திருந்த வட்டத்தைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட போலாம்க்கா. நரம்புக் கோளாறா இருக்கும்."

"கரைக்கு வந்ததுமே போனேன். நரம்பு நல்லா இருக்காம். தோல் டாக்டர்கிட்டயும் போனேன். தண்ணியில கை வைக்காதீங்கன்னார்." சிரித்தாள். அதே பழைய சிரிப்பு. "அடுத்த வருஷம் சுத்தம் பண்ண அங்க கப்பல் போகும். எல்லா நிலையத்துக்கும் போகும். கண்ணாடியில அழுக்கு படிஞ்சு மூணு மாசத்துல குருடாயிடும், ஆள் போய்த்தான் ஆகணும். அப்ப நானும் போவேன். அதே இடத்துல வண்டிய இறக்கி, அதே கையைப் பிடிச்சு, முறையாச் சொல்லிட்டு விட்டுடுவேன்."

அந்த ஒரு வருஷத்தை அவள் எப்படித் தள்ளினாள் என்பது எனக்குத் தெரியும். வேறு பயணங்களுக்குப் போனாள். நாற்காலி அவளுடையதுதான், நல்ல பெயர். சாப்பாட்டுத் தட்டுக்கு இடது கை போட்டுப் பழகிக்கொண்டாள். தன் கையைத் தானே பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை குளியலறைக் கதவு திறந்திருந்தது. அந்தக் கையைத் தொட்டியில் வைத்து, மறு கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நோயாளியைத் துடைப்பது போல. முகத்தைச் சுளிக்காமல்.

போன மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்று பேரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தோம். மீன் டாக்டர் போனில் வந்தார், முகம் தெரியப் பேசும் அழைப்பு. அக்கா போனைச் செம்பில் சாய்த்து வைத்தாள். அவர் குரலில் கொண்டாட்டம்.

"மா, நீ துடைச்ச கண்ணாடி இன்னும் பளிங்கு மாதிரி இருக்கு! பதினோரு மாசம். மத்த நிலையமெல்லாம் எப்பவோ குருடாயிடுச்சு. கண்ணாடிப் பூச்சுதான் காரணம்னு பூச்சுக் கம்பெனிக்காரன் மீசையை முறுக்குறான். நான் சொல்றேன், எல்லாம் நம்ம ஆளு கை ராசி."

அக்கா இடது கையால் போனை நேராக்கினாள்.

"இன்னொரு வேடிக்கை பாரு. கேமரா கடிகாரத்தைத் திருத்தும்போது ஒரு படம் ரெண்டு நிமிஷம் முந்தி எடுத்துடுச்சு. அதுல ஒருத்தர் மாட்டிக்கிட்டார். எங்க ஆபீஸ் சுவத்துல பெருசாப் போட்டு மாட்டியிருக்கோம். அனுப்புறேன்."

படம் வந்தது. நான்தான் முதலில் எட்டிப் பார்த்தேன்.

கறுப்புத் தண்ணீர். அதன்முன், கண்ணாடியின் வெளிப்பக்கத்தில், வெளுப்பாக ஒன்று அப்பியிருந்தது. நடுவில் சதைப்பற்று. ஐந்து கிளை. நான்கு முழுசு. ஒன்று மட்டும்... ஒரு கணு குறைவு.

"நட்சத்திர மீன்" என்றார் மீன் டாக்டர். "ஒரு காலை எதுவோ கடிச்சிடுச்சு பாவம். அழகா இல்ல?"

"எப்ப போறோம் டாக்டர்?" என்றாள் அக்கா. குரல் மெல்லியதாக இருந்தது. "சுத்தம் பண்ண. கப்பல் எப்ப?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த நிலையத்துக்கு மட்டும் ரத்து! போய் என்ன பண்றது? அவ்ளோ சுத்தமா இருக்கு. யாரும் போகத் தேவையில்ல. இருபத்தஞ்சு வருஷம் இப்படியே ஓடும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க."

அழைப்பு முடிந்தது. அம்மா, "நல்ல சேதிதானே?" என்று கேட்டுவிட்டுக் குழம்பை நகர்த்தினாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டாக இரண்டு நிமிஷம் இருந்தது.

அக்கா கையைத் தொடைக்கு அடியில் வைக்கவில்லை. மேசைமேல் வைத்தாள். என் தட்டுக்குப் பக்கத்தில். என்னைப் பார்த்தாள்.

"கை விடுறேன்" என்றாள்.

"என்னத்தடி விடுற?" என்றாள் அம்மா.

அக்கா அம்மா பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். இரண்டே வார்த்தை.

கை அசைய ஆரம்பித்தது. மேசைமேல். வட்டமாக.

சர்... சர்...

அரை விரலிலிருந்து ஒரு நூல் பிரிந்து நீண்டது. என் தட்டின் விளிம்பைத் தொட்டது.

அந்த வாடை...

நான் எழுந்து போய்க் கை கழுவினேன்.

முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் சோப்பு போட்டேன்.